பிஸ்கற் நிறம்

திங்கட்கிழமை காலை ஆறு மணி இருபது நிமிடம். தோட்டவெளி வீதியில் நான் முதலில் கண்டது காரை அல்ல, ஒரு கயிற்றை. வள்ளம் கட்டுகிற நீலக் கயிறு. அதன் ஒரு நுனி மீன்பெட்டி ஏற்றிய லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பின்பக்கம் கட்டப்பட்டிருந்தது. மறு நுனியில் ஒரு சிவப்புக் கார் வந்தது. நிலத்தோடு ஒட்டினாற்போல் தாழ்ந்த கார், இரண்டே கதவுகள். கதவில் ஒட்டியிருந்த பெரிய இலக்கம் ஒன்றை யாரோ சுரண்டி எடுத்த அடையாளம் இருந்தது. லாண்ட்மாஸ்டர் ஓட்டியவர் சாரத்தை மடித்துக் கட்டியிருந்தார். காருக்குள் இருந்தவர் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். இரண்டு பேரும் நடக்கிற வேகத்தில் எங்கள் வளவை நோக்கி வந்தார்கள். அவர்களுக்கு முன்னால் ஒரு கழுதை வழி விடாமல் போய்க்கொண்டிருந்தது.

நேரத்தை இவ்வளவு சரியாகச் சொல்லக் காரணம் உண்டு. டென்மார்க்கில் இருந்த பெரியம்மா அனுப்பிய கைக்கடிகாரம் மூன்று நாட்களுக்கு முன்னர்தான் என் கைக்கு வந்திருந்தது. எனக்குப் பத்து வயது. எல்லாக் காரியத்துக்கும் ஒரு நேரம் இருக்கிறது என்பதை அந்த மூன்று நாட்களில் கண்டுபிடித்து, அகதி முகாமில் தந்த கொப்பி ஒன்றில் எழுதி வந்தேன். "6.05 அம்மா எழும்பினா. 6.12 சேவல் கூவிச்சு. இண்டைக்குப் பிந்தி." அம்மா அதை வாசித்துவிட்டு, "சேவலுக்கும் வரவு இடாப்பு வைக்கிறாள்" என்று அப்பாவிடம் முறைப்பட்டா. பள்ளிக்கூட விடுமுறை என்பதால் வேறு வேலை இருக்கவில்லை.

எங்கள் சொந்த ஊர் கடலுக்கு அந்தப் பக்கம், நானாட்டானுக்கு அப்பால் ஒரு வயற்கிராமம். அங்கே மிதிவெடி எடுத்து முடியவில்லை என்று எங்களை இன்னும் போக விடவில்லை. முகாமிலிருந்து வந்த இரண்டு குடும்பங்களும், அதாவது அப்பா அம்மா நான் ஒன்று, மாமா மாமி ஒன்று, தோட்டவெளியில் அப்பாவுக்குத் தெரிந்த ஒருவரின் வளவில் தறப்பாள் கூடாரம் கட்டிக்கொண்டு இருந்தோம். அப்பா கூலி வேலைக்குப் போனார். அம்மாவின் அண்ணனான மாமா, வளவின் முன்பக்கம் வேப்ப மரத்தின் கீழ் மோட்டார் சைக்கிள் திருத்தினார்.

மாமா தனியாக மெக்கானிக் அல்ல. வன்னியில் இருந்த காலத்தில் ஒரு ஷெல் துண்டு அவருடைய வலது கையில் பட்டு, இரண்டு விரல்கள் மடங்காமல் போய்விட்டன. நட்டு முடுக்குகிற பெரிய சாவி பிடிப்பார், எஞ்சினைத் தூக்கி இறக்குவார். சின்ன ஆணிகள் அவர் விரலிடுக்கால் விழுந்துவிடும். ஆகவே காபரேற்றர் வேலை முழுவதும் மாமியுடையது. எஞ்சினுக்குள் பெற்றோலையும் காற்றையும் கலந்து அனுப்புகிற அந்தப் பித்தளைப் பெட்டியை மாமி ஓலைப் பாயில் வைத்துக் கழற்றுவா. கழுவி, ஊதி, பூட்டி மாமாவிடம் கொடுப்பா. மாமா அதைத் திறந்து பார்ப்பதில்லை. அரிசியில் கல் பொறுக்குவது போல அது மாமியின் வேலை.

அந்த வேலையில் ஒரு நுட்பம் இருந்தது. காபரேற்றருக்குள் ஜெற் என்று ஒரு சிறு பித்தளைத் துண்டு. அதன் நடுவே ஊசித் துளை. எவ்வளவு பெற்றோல் எஞ்சினுக்குப் போவது என்பதை அந்தத் துளைதான் தீர்மானிக்கும். வன்னியில் பெற்றோல் போத்தலில் விற்ற காலத்தில், மின்கம்பியைச் சீவி ஒரேயொரு செம்பு இழையை எடுத்து, நுனியை வளைத்து அந்தத் துளைக்குள் செருகிவிடுவார்கள். துளை ஒடுங்கும், எஞ்சின் குறையக் குடிக்கும், மெல்லத்தான் ஓடும். ஆனால் ஓடும். எல்லாரும் செய்தார்கள், மாமியைப்போல யாரும் செய்யவில்லை. துளை பெரிதென்றால் இழையும் தடிப்பாக இருக்க வேண்டும், எந்தத் துளைக்கு எந்த இழை என்பது மாமியின் விரலுக்குத் தெரியும். மற்றவர்கள் பூட்டிய மோட்டார் சைக்கிள் ஐந்து கட்டை, அதாவது ஐந்து மைல், போகிற எண்ணெயில் எங்கள் மாமா பூட்டியது ஏழு கட்டை போகும் என்று சொல்வார்கள். மாமாவுக்கு அதுதான் பெயர்.

யுத்தம் முடிந்தபின் பெற்றோல் நிலையங்களில் கேட்ட அளவுக்கு ஊற்றினார்கள். ஏழு கட்டை என்ற பெயரை யாரும் விசாரிக்கவில்லை.

கயிறு அவிழ்க்கப்பட்டதும் கறுப்புக் கண்ணாடிக்காரர் இறங்கினார். அவர் எங்கள் மன்னார்த் தீவைச் சேர்ந்த முஸ்லிம். என் வயதுக்கும் முந்திய ஒரு நாளில் குடும்பத்தோடு தீவைவிட்டு வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் வளர்ந்து, கொழும்பில் கராஜ் வைத்திருந்தவர். தகப்பனின் காணியைப் பார்க்க வந்திருந்தார். நாங்கள் அவரை நானா, அதாவது அண்ணன், என்றே கூப்பிட்டோம்.

"மெக்கானிக் பாஸ் நீங்கதானே? மதவாச்சி தாண்டினதில இருந்து இருமிக்கொண்டு வருது. தள்ளாடியில வந்து செத்துப்போச்சு."

மாமா பொனற்றைத் திறந்து, குனிந்து, கொஞ்ச நேரம் முகர்ந்து பார்த்தார்.

"சாகேல்லை நானா. மூச்சு முட்டுது. வழியில பீப்பா எண்ணெய் அடிச்சனீங்களோ?"

"ஒரு கடையில அடிச்சன்."

"அதுதான்."

பெற்றோலை வடிகட்டுகிற வடியில் துரு அடைத்திருந்தது. 7.45க்கு எஞ்சின் இயங்கியது. நான் அதுவரை கேட்டிராத சத்தம். மாமா அக்சிலேற்றரைக் கையால் இழுத்தார். சத்தம் ஏறி, ஓர் உயரத்துக்கு மேல் போகாமல் தடுமாறி, காபரேற்றரின் வாய்வழியாகப் பட் பட் என்று தும்மியது. மாமாவின் முகம் மாறியது. நாலு பிளக்கையும் கழற்றித் தட்டில் வைத்தார். நாலும் சோக்கட்டி போல் வெள்ளை.

"வடி மட்டும் இல்லை. வேற ஏதோ இருக்கு" என்றார். "காத்துக் கூட, எண்ணெய் குறைய. மெல்ல ஓடுற சாமானுக்குப் பரவாயில்லை. இது ஓட்டப் பந்தயத்துக்குச் செய்த எஞ்சின் நானா. இப்பிடியே மிதிச்சா பிஸ்டன் தலையில ஓட்டை விழும்."

"எப்பிடி இருக்கோணும்?"

மாமா மாமியைப் பார்த்தார். மாமி உள்ளே போய் ஒரு பிஸ்கற்றோடு வந்தா. மாமா அதைப் பிளக்குக்குப் பக்கத்தில் பிடித்தார். "இந்த நிறம்."

நானா சிரித்தார். கண்ணாடியைக் கழற்றி அன்றைக்கு முதல் தடவையாக மாமாவின் முகத்தைச் சரியாகப் பார்த்தார் என்று நினைக்கிறேன். பிறகு சொன்னதுதான் அந்த வாரம் முழுவதும் எங்கள் தறப்பாளுக்குள் கிடந்தது.

"பாஸ், வாப்பாட காணியில மன்னார் ரவுணுக்குள்ள ஒரு கராஜ் போடப் போறன். தலைமைப் பாஸ் ஒராள் வேணும். வவுனியாவில ஒராளைப் பேசி வச்சிருக்கன், உண்மையைச் சொல்லோணும். நான் காரை விட்டுட்டு பஸ்ஸில போறன். சனிக்கிழமை அவரோட வாறன். கார் பிஸ்கற் நிறத்தில ஓடினா கராஜ் உங்கட பொறுப்பு."

அவர் போனபின் மாமா பாயில் இருந்த மாமிக்கு அந்தக் கராஜைக் கட்டிக் காட்டினார். சீமெந்து நிலம், எஞ்சின் தூக்குகிற சங்கிலி, சாவிகள் தொங்குகிற பலகை, மழைக்கு ஒழுகாத கூரை.

"எனக்குக் கூரை மட்டும் காணும்" என்றா மாமி.

செவ்வாய்க்கிழமை காலை வேலை தொடங்கியது. மாமா ஆஸ்பத்திரி ஊசிக்குழலில் பெற்றோலை எடுத்து, எஞ்சின் இயங்கும்போதே காபரேற்றருக்குக் கீழ் இருந்த குழாயின் பொருத்துகளில் துளித்துளியாக விட்டார். மூன்றாவது பொருத்தில் விட்டதும் எஞ்சின் திடீரென்று சத்தம் கூட்டியது. மாமா கையை உயர்த்தி என்னைக் கூப்பிட்டார். "இஞ்ச வா பிள்ளை, கேள். இதுக்குள்ளாலதான் திருட்டுக் காத்துப் போகுது." காற்று போகிற இடத்தால் பெற்றோலும் போய் எஞ்சினுக்குப் பசி தீர்ந்த சத்தம் அது என்று விளக்கினார். அந்தப் பொருத்தைக் காற்றுப் போகாமல் அடைக்கும் காஸ்கற் வெடித்திருந்தது. ரவுணிலிருந்து வாங்கி வைத்திருந்த தடித்த தாளில் புதிதாக ஒன்று வெட்டி, பூட்டி முடித்தபோது 10.30.

"காபரேற்றர் ரண்டையும் ஒருக்காக் கழுவிவிட்டாச் சரி" என்றார் மாமா. "துரு போயிருக்கும்."

மாமி இரண்டையும் வாங்கிப் பாயில் வைத்தா. நான் பக்கத்தில் இருந்து எழுதினேன். என் கொப்பியின் அந்தப் பக்கம் இப்படிப் போகிறது: "10.40 மாமி காபரேற்றர் கழுவினா. 10.58 மாமா கிணத்தடிக்குப் போனார். 11.05 மாமி ஜெற்றுக்குக் கம்பி போட்டா. 11.20 மாமி பூட்டி முடிச்சா."

மாமி கம்பி போட்டதை நான் ஒரு சங்கதியாக நினைத்து எழுதவில்லை. கோழி கூவியதையும் எழுதுகிறவள் நான். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து ஜெற் என்றால் கம்பியோடு கூடியதுதான். மாமியும் நினைத்துச் செய்திருக்கமாட்டா. தைத்து முடித்தால் நூலில் முடிச்சுப் போடுவதில்லையா, அப்படி. மின்கம்பித் துண்டும் பிளேட்டும் எப்போதும் இருக்கிற பால்மா ரின்னிலேயே இருந்தன. கை அங்கே போய் வந்தது.

எஞ்சின் நின்ற இடத்தில் அழகாக இயங்கியது. மாமா பொனற்றின்மேல் ஒரு கிளாஸ் தண்ணீரை வைத்தார். தண்ணீர் ஆடவில்லை. நின்றபடி இயங்கும்போது அந்த ஜெற்றுக்கு வேலையில்லை, வேறொரு சிறு துளைதான் பெற்றோல் கொடுக்கும் என்பது எனக்குப் பல வருடங்களுக்குப் பிறகே தெரியவந்தது. மாமாவுக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் அவர் குழம்பினார்.

ஏனென்றால் புதன்கிழமை, பேசாலைப் பக்கம் போகிற நேர் வீதியில் மாமா என்னையும் ஏற்றிக்கொண்டு மிதித்தபோது, கார் முன்னரைவிட மோசமாக ஓடியது. மூன்றாம் கியரில் இழுத்தது. பிறகு நெஞ்சில் யாரோ கைவைத்துத் தள்ளியது போல் தயங்கித் தும்மியது. மாமா ஓட்டத்திலேயே எஞ்சினை நிறுத்தினார். கார் சத்தமில்லாமல் உருண்டு பனைகளுக்கிடையில் நின்றது. அப்படி நிறுத்திக் கழற்றினால்தான் பிளக் பொய் சொல்லாது என்றார். கைலேஞ்சியால் பிடித்துக் கழற்றினார். வெள்ளை. திங்கட்கிழமை இருந்ததைவிட வெள்ளை. நாலைந்து கழுதைகள் வந்து எங்களைச் சுற்றி நின்றன.

"காத்தை அடைச்சாச்சு" என்று மாமா கழுதைகளைப் பார்த்துச் சொன்னார். "பிறகெங்கால?"

அன்று மாலைவரை அவர் எண்ணெய் வருகிற வழி முழுவதையும் பின்னோக்கி நடந்தார். குழாயைக் கழற்றிப் போத்தலுக்குள் விட்டுப் பார்த்தார், பெற்றோல் பம் நன்றாகவே அடித்தது. பெற்றோல் ராங்கியைக் காயவைத்தார். காபரேற்றருக்குள் இருக்கும் மிதவையை உயர்த்தச் சொன்னார், மாமி உயர்த்தினா. நெருப்புப் பிடிக்கிற நேரத்தை முன்னுக்கும் பின்னுக்கும் திருப்பினார். ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் வீதிக்குப் போனோம். ஒவ்வொரு தடவையும் வெள்ளை. பிளக்கோடு ஒப்பிட வைத்திருந்த பிஸ்கற்றை 4.15க்கு நான் சாப்பிட்டுவிட்டேன். அதுவும் கொப்பியில் இருக்கிறது.

பக்கத்து வளவில் வலை பின்னிக்கொண்டிருந்த அண்ணை வேலியால் எட்டிப் பார்த்தார்.

"என்ன பாஸ், கழுதை ரண்டைப் பூட்டினா இதைவிடக் கெதியாப் போகுமே?"

"கழுதைக்கும் காபரேற்றர் பூட்டிவிடுவன். நீர் வலையைப் பாரும்."

"மடு மாதாவுக்கு ஒரு மெழுகுதிரி நேந்து பாருங்கோவன்."

"மாதாவுக்குக் காபரேற்றர் தெரியுமோ?"

"தெரியாட்டியும் கேப்பா. நீங்கள் ஆரையும் கேக்கிறேல்லை."

மாமா கேட்டார். ரவுணுக்குப் போய் நானாவுக்கு ரெலிபோன் எடுத்தார். எஞ்சினுக்கு ஜெற்றின் துளை போதாது போல இருக்கிறது, இரண்டு அளவு பெரிய ஜெற் அனுப்புங்கோ என்றார். வியாழக்கிழமை பஸ்ஸில் ஒரு தீப்பெட்டி வந்தது. அதற்குள் பஞ்சில் பொதிந்த இரண்டு புதிய ஜெற்கள். மாமா அவற்றை உள்ளங்கையில் வைத்துச் சூரியனுக்குப் பிடித்துப் பார்த்துவிட்டு மாமியின் தட்டில் வைத்தார். மாமியும் ஒரு கண்ணை மூடிப் பார்த்தா.

"ஓட்டை பெரிசா இருக்கு."

"பெரிசுதான் வேணும்."

மாமா பிளக் துடைக்கத் திரும்பினார். மாமி பால்மா ரின்னைத் திறந்து, வழக்கமான கம்பியை விரலால் உருட்டிப் பார்த்து, வைத்துவிட்டு, அதைவிடத் தடித்த ஓர் இழையைத் தெரிந்தெடுத்தா. "2.35 மாமி புது ஜெற்றுக்குக் கம்பி போட்டா. மொத்தக் கம்பி."

வீதி. மூன்றாம் கியர். தும்மல். வெள்ளை.

வெள்ளிக்கிழமை மாமா காரைத் தொடவில்லை. கதிரையை அதற்கு முன்னால் போட்டு உட்கார்ந்திருந்தார். பந்தயக் காரைப் பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாது என்றார். கொஞ்ச நேரத்தில், எஞ்சின் எல்லாம் ஒன்றுதான் என்றார். கடற்காற்றில் ஏதாவது இருக்குமா என்று என்னைக் கேட்டார். மாமி தேத்தண்ணி கொண்டுவந்து பக்கத்தில் குந்தினா.

"எனக்கெண்டால் நல்லா ஓடுற மாதிரித்தான் கேக்குது. வன்னியில எங்கட எல்லாம் இப்பிடித்தானே கேட்டது."

"ஓம்" என்றார் மாமா. "எனக்கும் அப்பிடித்தான் கேக்குது. அதுதான் விளங்கேல்லை."

சனிக்கிழமை 9.10க்கு நானா ஒரு வானில் வந்தார். கூட வந்த வவுனியாப் பாஸ், மாமாவைவிட இளமையான, அதிகம் பேசாத ஆள். சட்டைப் பையில் சின்னப் பூதக்கண்ணாடி ஒன்று வைத்திருந்தார். மாமா நடந்ததை மறைக்கவில்லை.

"நிண்ட இடத்தில தங்கம். மேல போகுதில்லை. பிளக் வெள்ளை."

வவுனியாப் பாஸ் காரை எடுத்துக்கொண்டு போய்ப் பத்து நிமிடத்தில் வந்தார். அவரும் ஓட்டத்தில் நிறுத்திப் பிளக்கைக் கழற்றியிருந்தார். கண்ணாடியால் பார்த்தார். "அண்ணை, என்னென்ன செய்தனீங்கள்?"

மாமா சொல்லத் தொடங்கினார். காஸ்கற், வடி, பம், மிதவை. ஒழுங்கு தப்பியது. புதனைச் செவ்வாய் என்றார், திருத்தினார். வவுனியாப் பாஸ் மரியாதையாகத் தலையாட்டினாலும் நானா மணிக்கூட்டைப் பார்த்தார். அப்போது மாமாவுக்கு ஒரு நல்ல யோசனை வந்தது.

"எல்லாம் எழுத்தில இருக்கு நானா. எங்கட மருமகள் ஒண்டும் விடாள். பிள்ளை, கொப்பியைக் கொண்டுவந்து வாசி."

என் வாழ்க்கையில் அவ்வளவு பெரிய சபை அதுவரை கிடைக்கவில்லை. நான் கதிரையில் ஏறி நின்று வாசித்தேன். செவ்வாய், காஸ்கற், 10.30. நானா "மாஷா அல்லாஹ், கந்தோர்க் கிளாக்கர்" என்றார். மாமாவின் முகம் மலர்ந்தது. மாமி தட்டில் நாலு கிளாஸ் தேத்தண்ணியோடு வந்துகொண்டிருந்தா.

"10.40 மாமி காபரேற்றர் கழுவினா. 10.58 மாமா கிணத்தடிக்குப் போனார். 11.05 மாமி ஜெற்றுக்குக் கம்பி போட்டா."

வவுனியாப் பாஸ் கையை உயர்த்தினார். "என்ன போட்டவ?"

"கம்பி" என்றேன்.

மாமி நின்ற இடத்திலேயே நின்றா. கிளாஸ் ஒன்றும் சிந்தவில்லை. மாமா தன்னுடைய மடங்காத விரல்களைப் பார்த்தார், பிறகு காரைப் பார்த்தார்.

"நான்தான் போடச் சொன்னனான்" என்றார்.

அது பிழை. எழுத்தில் இருப்பதற்கு மாறானது. நான் திருத்தினேன்.

"இல்லை மாமா, நீங்கள் சொல்லேல்லை. நீங்கள் அப்ப கிணத்தடியில. மாமி தானாத்தான் போட்டவ. வியாழக்கிழமை 2.35க்கும் போட்டவ. அது மொத்தக் கம்பி."

வவுனியாப் பாஸ் சிரிக்கவில்லை. "எனக்கும் இந்த வேலை தெரியும் அக்கா" என்று மாமியிடம் சொன்னார். "நானும் கம்பியில ஓடினவன்தான்." பிறகு ஜெற்றைக் கழற்றக் காபரேற்றரில் கைவைத்தார்.

"விடுங்கோ, நானே எடுக்கிறன்" என்றா மாமி.

பாயில் இருந்து, நாலு பேர் பார்க்காத மாதிரி, அதாவது மூன்று ஆண்களும் நானும் அங்கே இல்லாத மாதிரி, மாமி இரண்டு காபரேற்றரையும் திறந்தா. புதிய ஜெற்களை வெளியே எடுத்து இரண்டு இழைகளையும் உருவித் தேத்தண்ணித் தட்டில் கிளாஸ்களுக்குப் பக்கத்தில் வைத்தா. பழைய ஜெற்களைக் கம்பி இல்லாமல் பூட்டினா. எட்டு நிமிடம் எடுத்தது.

மாமா ஓட்டினார், நானா பக்கத்தில் இருந்தார். வீதியால் அவர்கள் போன சத்தம் தும்மவில்லை, நிற்கவில்லை, ஏறிக்கொண்டே போனது. பக்கத்து வளவு அண்ணையின் மனைவி கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் ஓடினா. கழுதைகள் பனைகளுக்குள் சிதறின. திரும்பி வந்து நாலு பிளக்கையும் வரிசையாக வைத்தபோது ஒப்பிட்டுப் பார்க்கப் பிஸ்கற் இருக்கவில்லை. தேவையும் இருக்கவில்லை. மாமா வெட்டிப் போட்ட காஸ்கற்றே முழு மருந்து. செவ்வாய்க்கிழமை பத்தரைக்கே கார் சுகமாகியிருந்தது. அதன்பின் நாங்கள் தேடியது முழுவதும் பதினொன்று ஐந்தை.

நானா நியாயமான மனிதர். "பாஸ், சொன்ன சொல் சொல்லுத்தான். கராஜ் உங்கட பொறுப்பு. காத்துப் போற இடத்தை ஊசியால பிடிச்சீங்களே, அது போதும்" என்றார். மாமியின் பக்கம் பாராமல் குரலைத் தாழ்த்தினார். "ஒரே ஒண்டு. காபரேற்றர் வேலைக்கு நான் ஒரு பொடியனைத் தாறன். வீட்டில இனிக் கஷ்டப்படத் தேவையில்ல."

மாமா துணியை எடுத்துக் கை துடைத்தார். கையில் எண்ணெய் இருக்கவில்லை. ஒவ்வொரு விரலாக, மடங்குகிற மூன்றையும் மடங்காத இரண்டையும், துடைத்து முடித்தார்.

"அப்ப அந்தத் தம்பியையே பொறுப்பாப் போடுங்கோ நானா" என்றார். வவுனியாப் பாஸைக் காட்டினார். "நல்ல வேலைகாரன்."

நானாவுக்கு விளங்கவில்லை. கோபமா பாஸ் என்று கேட்டார். மாமா இல்லை என்றார். கோபமாக இருந்தது மாமி. பிறத்தியாருக்கு முன்னால் மாமாவோடு மாமி பேசியதை நான் அன்றுதான் கேட்டேன்.

"உங்களுக்கு என்ன விசரோ? அவர் நல்லதுக்குத்தானே சொல்லுறார். போங்கோ. நான் இஞ்ச இருந்து சமைக்கிறன்."

"தேத்தண்ணி ஆறுது. அவையளுக்குக் குடு" என்றார் மாமா.

12.25க்குக் கார் போனது. கயிறு இல்லாமல், கழுதை வழிவிட, தானாகவே போனது. செம்பு இழைகள் இரண்டும் வெறுங் கிளாஸ்களோடு தட்டில் கிடந்தன.

என்னை யாரும் ஏசவில்லை. அதுதான் எனக்குப் பெரிய குழப்பம். பிழை செய்தது மாமி, அதைக் கண்டுபிடித்தது என் கொப்பி, கராஜும் கிடைத்தது, மாமா அதைத் திருப்பிக் கொடுத்தார், மாமி அழுதா, அம்மா என்னைப் பார்த்துப் பெருமூச்சு விட்டா. நான் எழுதியதைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். நேரம் சரி. ஆள் சரி. நடந்தது சரி. பிற்காலத்தில் பத்திரிகையில் சேர்ந்தபோது எனக்குச் சொல்லித் தந்ததும் அந்த மூன்றும்தான். மாமா ஒரு பொய் சொன்னார், நான் அதைத் திருத்தினேன். அதற்கு ஏன் ஒருவரும் என்னை மெச்சவில்லை என்று அந்த விடுமுறை முடியும்வரை யோசித்தேன். கடிகாரத்தைக் கட்டுவதைக் குறைத்துக்கொண்டேன்.

கராஜ் வவுனியாப் பாஸின் பொறுப்பில் நன்றாக நடந்தது. மிதிவெடி எடுத்து முடிந்ததும் நாங்கள் ஊருக்குத் திரும்பினோம். நானாட்டானில் மாமாவுக்கு வேலை நிறைய இருந்தது. எல்லாம் உழவு இயந்திரங்கள், எல்லாம் டீசல். டீசல் எஞ்சினில் காபரேற்றர் கிடையாது. மாமி மாமாவுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து, சின்ன ஆணிகளைப் பிடித்துக் கொடுத்தா.

போன வருடம் அம்மாவின் அலுமாரியை ஒதுக்கியபோது அந்தக் கொப்பி கிடைத்தது. சேவல், பிஸ்கற், மொத்தக் கம்பி எல்லாம் நான் எழுதியபடியே இருக்கின்றன. செவ்வாய்க்கிழமைப் பக்கத்தில் 11.05க்கு எதிரே இருந்த என் வரி மட்டும் நீலப் பேனையால் வெட்டப்பட்டிருக்கிறது. அதற்கு மேல், மடங்காத விரல்களால் எழுதிய கோணல் எழுத்தில், "கம்பி போட்டது நான்" என்று இருக்கிறது. கீழே மாமாவின் கையொப்பம்.